மூன்று அங்குல லேபிளின் விலை

புதுச்சேரியை ஒட்டிய சேதராப்பட்டில், ஒரு தைலக் கம்பெனியின் அலுவலக அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், ஒரு மின்விசிறி. விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் யூக்கலிப்டஸ் வாசனையை முகத்தில் அடித்துவிட்டுப் போகும். கண்ணில் லேசாக நீர் கோத்துக்கொள்ளும். அது எனக்கு வசதியாக இருந்தது. நான் பயந்திருந்ததை அது மறைத்தது.

"சரிம்மா, எவ்ளோ?" என்றார் முதலாளி கோவிந்தராஜ்.

மேசையில் நான் வரைந்த லேபிள் இருந்தது. மூன்று அங்குல நீளம், ஒன்றரை அங்குல உயரம். மூலையில் கணக்கப்பிள்ளை ராமலிங்கம் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். என் நாக்கில் ஒரு தொகை தயாராக இருந்தது. அந்தத் தொகைக்கு வந்து சேர எனக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இப்போது வெப்சைட் வடிவமைக்கும் என் அண்ணன் மகள் போன மாதம் போன் செய்து, "அத்தை, எவ்ளோ கேக்கலாம்?" என்றாள். பதில் சொல்ல ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அவளிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

வெளியில் வந்த கதை

எழுபதுகளின் நடுவில் புதுச்சேரியில் ஒரு மாலைப் பத்திரிகையின் விளம்பரப் பிரிவில் சேர்ந்தேன். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, டுடோரியல் காலேஜ் என்று வருகிற விளம்பரங்களுக்கு எழுத்து வரைவது, படம் வரைவது, பக்கத்தில் பொருத்துவது என் வேலை. பெண் ஒருத்தி ஆர்ட்டிஸ்டாக இருப்பதைப் பார்க்கவே சிலர் விளம்பரம் கொடுக்க வந்ததாக மேனேஜர் சொல்வார். சம்பளம் முந்நூற்று இருபது ரூபாய்.

விளம்பரம் கொடுக்க வந்தவர்களே மெல்ல, "அப்படியே ஒரு லெட்டர் ஹெட் போட்டுக் குடும்மா", "கடைப் பைக்கு ஒரு டிசைன்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டு, சாரம் பகுதியில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையிலேயே மேசை போட்டேன். என் கணவர் சேவியர் மில்லில் ஃபிட்டர். அவருடைய சம்பளம் வந்துகொண்டிருந்தவரை என் துணிச்சலுக்குக் குறைவில்லை.

பாத்துக் குடுங்க

முதல் வருடம் நான் விலையே சொல்லவில்லை. யாராவது எவ்வளவு என்று கேட்டால் எங்கள் ஊரில் மரியாதையான பதில் ஒன்றுதான்: "பாத்துக் குடுங்க." ஆசாரியும் அதைத்தான் சொல்வார், கல்யாண வீட்டில் பேண்டு வாசிக்கிறவரும் அதைத்தான் சொல்வார். அவர்கள் அதைச் சொல்லிவிட்டு நகராமல் நிற்பார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. நான் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

மெழுகுவத்தி செய்கிறவர் பார்த்து, மெழுகுவத்தி கொடுத்தார். இரண்டு அட்டைப்பெட்டி நிறைய. "கரண்ட் போனா சாரம் மொத்தமும் நம்ம வீட்டுக்குத்தான் வரணும்," என்றார் சேவியர். ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்காரர் பார்த்து, எனக்கு இலவசமாக டைப்ரைட்டிங் கற்றுக்கொடுப்பதாகச் சொன்னார். வீராம்பட்டினத்தில் ஒரு படகுக்காரர் மட்டும், படகில் பெயர் எழுதியதற்கு முழு வஞ்சிரம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வருடத்தில் நான் வாங்கிய ஒரே நியாயமான கூலி அந்த மீன்.

பத்தி சென்டிமீட்டர்

இரண்டாவது வருடம் திருந்தினேன். திருந்திய விதம்தான் பெரிய தவறு.

பத்திரிகையில் விளம்பரத்துக்குக் கட்டணம் இடத்தை வைத்து. ஒரு பத்தி அகலம், ஒரு சென்டிமீட்டர் உயரம், அதுதான் அலகு. ஐந்து வருடம் அந்தக் கணக்கிலேயே வாழ்ந்தவளுக்கு உலகத்தில் வேறு அளவு இருப்பதே தோன்றவில்லை. நான் வரைவதற்கும் பத்தி சென்டிமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் என்று வைத்தேன். விஞ்ஞான முறைப்படி வைத்துவிட்டதாக ஒரு திருப்தி கூட இருந்தது.

ஒரு ஜவுளிக்கடையின் தீபாவளி நோட்டீஸை ஒரு காலை வேளையில் முடித்தேன். நாலு பத்தி, இருபத்தைந்து சென்டிமீட்டர். நூற்றைம்பது ரூபாய். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கொடுத்தார்.

அடுத்து ஒரு மூக்குப்பொடி டப்பாவுக்கு லேபிள். டப்பாவே உள்ளங்கையில் அடங்குவது. அதில் ஒரு யானை, யானை மேல் அம்பாரி, சுற்றி எழுத்து. ஒரு முடி தடிமனுக்குப் பிரஷ் பிடித்து இரண்டு வாரம் வரைந்தேன். முடித்து அளந்து பார்த்தால் ஒரு பத்தி, நாலு சென்டிமீட்டர்.

அன்று நேராக எலிசாவிடம் போனேன். எலிசா என்னோடு கான்வென்டில் படித்தவள். தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு முன்னறையில் உட்கார்ந்து, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் பிரெஞ்சில் கடிதம் எழுதிக் கொடுப்பாள்.

"என்னாடி ஸ்டெல்லா, மூஞ்சி இப்படி இருக்கு?"

"மூக்குப்பொடிக்காரரு ஆறு ரூபா குடுத்தாருடி."

"அடப்பாவி மனுஷன்! நீ எவ்ளோ கேட்ட?"

"ஆறு."

எலிசா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு கிழவர்கள், காரணம் தெரியாமலேயே சேர்ந்து சிரித்தார்கள்.

சின்ன டப்பாவில் யானையை அடக்குவதுதான் கஷ்டம். சின்னதாக ஆக ஆக நான் விலையைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறேன். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் ஸ்கேலைக் கையில் எடுத்தவுடன் மறந்துவிடும்.

கொஞ்ச நாள் மணிக்கணக்கில் கேட்டும் பார்த்தேன். அதற்கு ஜவுளிக்கடைக்காரரே பதில் சொல்லிவிட்டார்: "நீ மெதுவா வரைஞ்சா அதுக்கு நானாம்மா தண்டம் கட்டணும்?" அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

எலிசாவின் கட்டணம்

அந்தச் சமயத்தில்தான் மில்லில் லே-ஆஃப் வந்தது. சேவியர் பாதிச் சம்பளத்தோடு வீட்டில் இருந்தார். கதவின் கீல்கள் அனைத்துக்கும் எண்ணெய் போட்டார். பிறகு அடுத்த வீட்டுக் கீல்களுக்குப் போட்டார்.

பத்திரிகையிலிருந்து மேனேஜர் ஆள் அனுப்பினார். எனக்குப் பதிலாக வந்தவர் மதராசுக்குப் போய்விட்டாராம். "மாதக் கடைசி வரை இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன். வருவதானால் சொல்."

சேவியர் போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அரிசிக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன்," என்று மட்டும் சொன்னார். கடனுக்குத்தான் அரிசி, அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான் என்று அதற்கு அர்த்தம். அடுத்து வருகிற வேலைக்கு ஒழுங்கான விலை வாங்கத் தெரியாவிட்டால் நான் பழைய நாற்காலிக்குப் போக வேண்டியதுதான்.

அடுத்து வந்த வேலைதான் கோவிந்தராஜின் தைலம். பழைய லேபிளைப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான் சொன்னார். எலிசாவிடம் போய் உட்கார்ந்தேன்.

எலிசா அன்று இரண்டு கடிதம் எழுதினாள். முதலாவது, ஒரு பெரியவர் ரெயூனியன் தீவில் இருக்கும் தம்பி மகனுக்கு எழுதச் சொன்னது; இரண்டு பக்கம், பெரும்பாலும் மாமரம் காய்த்ததைப் பற்றி. ஐந்து ரூபாய் வாங்கினாள். இரண்டாவது, கணவர் இறந்ததைப் பென்ஷன் அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் ஒரு அம்மாவுக்கு, நாலு வரி. அந்த அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு "கொம்பியேன்?" என்றார். பழைய பென்ஷன் குடும்பங்களில் விலை கேட்பது இன்னும் பிரெஞ்சில்தான். எலிசா இருபத்தைந்து என்றாள். அந்த அம்மா கொடுத்துவிட்டு, "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"நாலு வரிக்கு இருபத்தஞ்சாடி? பாவமா இல்ல?"

"வரியப் பாத்தா காசு? அந்த மாமரக் கடுதாசி போய்ச் சேரலன்னா என்னா ஆவும்? ஒண்ணும் ஆவாது. இந்தக் கடுதாசில ஒரு எழுத்து தப்பாச்சுன்னா இந்தம்மாவுக்குப் பணம் நின்னுபுடும். அவங்க மாசாமாசம் வாங்கப் போறாங்க. நான் ஒரு தபா வாங்குறேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "உன் தைலக்காரனுக்கு லேபிள் சரியில்லன்னா என்னா ஆவும்?"

லேபிளை அளந்து பார்த்திருந்தேன், அதைக் கேட்டுப் பார்க்கவில்லை.

இரண்டு மீசைக்காரர்கள்

ஆடி மாதம். வீராம்பட்டினத்தில் அம்மன் திருவிழா. கூட்டமும் ராட்டினமும் பொரியுமாக இருந்த தெருவில், தைலம் அதிகம் விற்கும் மளிகைக்கடை ஒன்றில் அனுமதி கேட்டு ஒரு ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பத்திரிகையில் நிருபர்கள் செய்ததைப் பார்த்திருந்தேன்: ஒன்றும் கேட்காமல் ஒரு இடத்தில் உட்கார்ந்தால், ஊரே வந்து சொல்லிவிட்டுப் போகும்.

கோவிந்தராஜின் தைலம் பச்சை பாட்டில். கரும்பச்சை லேபிள், தங்க நிற எழுத்து, நடுவில் முட்டை வடிவத்துக்குள் தலைப்பாகை கட்டி மீசை முறுக்கிய அவருடைய அப்பா. பக்கத்திலேயே வெளியூர்த் தைலம் ஒன்று. பச்சை பாட்டில், கரும்பச்சை லேபிள், தங்க எழுத்து, தலைப்பாகையோடு வேறு ஒருவருடைய அப்பா.

வந்தவர்கள் யாரும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. முழங்காலைத் தட்டிக் காட்டினார்கள். "முட்டிக்கு ஒண்ணு குடும்மா." கடைக்காரம்மாவின் கை எது முன்னால் இருந்ததோ அதை எடுத்தது. பாதிக்கு மேல் வெளியூர் பாட்டில்தான் போனது.

ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். "யக்கா, நான் கேட்டது இவரு இல்ல. மீச பெருசா இருப்பாரே, அவரு."

கடைக்காரம்மா இரண்டு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் மீச பெருசாத்தான்யா இருக்கு. தேச்சிக்கிட்டுப் போ."

அன்று மாலையே வீட்டுக்கு வந்து வரைய ஆரம்பித்தேன். வெள்ளைப் பின்னணி. அதில் மடக்கிய முழங்கால் ஒன்று, கறுப்புக் கோட்டில். முட்டியின் மேல் ஒரு சிவப்பு வட்டம். கீழே பெயர், தடித்த எழுத்தில். அவ்வளவுதான். ஸ்கேலை எடுக்கவில்லை.

எலிசா என்னைத் தயார்ப்படுத்தினாள். "நான்தான் தைலக்காரன். சொல்லு. கொம்பியேன்?"

"ஆயிரம் ரூபா. இல்லன்னா நீங்க பாத்து..."

"வால வெட்டு. மறுபடியும்."

"ஆயிரம் ரூபா... உங்களுக்கு எப்படித் தோணுதோ..."

"அய்யோ, இவளுக்கு வால் மொளச்சிக்கிட்டே இருக்கே! மறுபடியும்."

மறுபடி அந்த அறை

மாதம் முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது பஸ் பிடித்துச் சேதராப்பட்டு போனேன்.

எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் கோவிந்தராஜ் வேறொன்று கேட்டார். மாதிரிக்கு லேபிள் ஒட்டி எடுத்துப்போன பாட்டிலைக் கையில் வைத்துத் திருப்பினார்.

"எங்கப்பாவக் காணோமே?"

"பின்பக்கம் இருக்காரு சார்."

பின்பக்கம் சின்னதாக ஒரு முட்டை வடிவத்துக்குள் அவர் அப்பா இருந்தார். கோவிந்தராஜ் வெகுநேரம் பார்த்தார். "எங்கப்பா யாருக்கும் பின்னாடி நின்னதில்லம்மா."

வீராம்பட்டினத்துக் கடையில் பார்த்ததைச் சொன்னேன். அலங்காரமில்லாமல், பார்த்தது பார்த்தபடி. முழங்காலைத் தட்டியவர்களைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டினார். மீசைக் கதை வந்தபோது அவர் கை தன் மீசைக்குப் போனது. "அவன் பாட்டிலா எங்க பாட்டில் பக்கத்துலயே நிக்கிது?" என்றார். பாட்டிலைக் கீழே வைத்தார். அதன் பிறகுதான் கேட்டார்: "சரிம்மா, எவ்ளோ?"

"ஆயிரம் ரூபா சார்."

மூலையில் பேனா நின்றது.

"ஏம்மா, ஆயிரமா? தீப்பெட்டிய விட கொஞ்சம் பெருசு, அவ்ளோதான். பிரஸ்ல அச்சடிக்கக் குடுத்தா டிசைன அவனே சும்மா போட்டுத் தர்றான்."

"இப்ப இருக்கிறது அவங்க சும்மா போட்டுத் தந்ததுதான் சார்."

"சரி விடு. நான் பாத்துக் குடுக்கிறேன்."

"பாக்க வேணாம் சார். ஆயிரம்."

சொல்லி முடித்ததும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வால் முளைக்கவில்லை. ஆனால் அவரும் அசையவில்லை. கையில் வேறு ஆயுதம் ஒன்றும் இல்லாததால், மேசையில் இருந்த பாட்டில்களைப் பற்றிக் கேட்டேன்.

"இந்தச் சின்ன பாட்டில் எவ்ளோ சார்?"

"மூணு ரூபா."

"பெருசு?"

"அஞ்சு."

"பெருசுல எத்தன சின்னது புடிக்கும்?"

"மூணு."

"அப்ப பெருசு ஒம்பது ரூபா இல்ல வரணும்? இல்லன்னா சின்னத கொறைக்கணும்."

கோவிந்தராஜ் நாற்காலியில் சாய்ந்தார். சொந்தத் தொழிலைப் பற்றி யாராவது அறியாமையோடு கேட்டால் ஒரு மனிதரின் முகம் எப்படி மலரும் என்பதை அன்று பார்த்தேன்.

"தைலத்த அளந்து வித்தா தெருவுலதான் நிக்கணும்மா. வலையிழுத்துட்டு வர்றவன் கையில மூணு ரூபா இருக்கும், அஞ்சு ரூபா இருக்காது. முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். அவனுக்கு வேண்டியது அன்னிக்கித் தூக்கம். அந்தத் தூக்கத்துக்குத்தான் மூணு ரூபா. உள்ள எவ்ளோ எண்ணெய் இருக்குன்னு எவன் அளந்து பாக்குறான்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பத்திரிகையின் மூத்த நிருபர் பேட்டிகளில் செய்வது அது: எதிரில் இருப்பவர் தான் பேசியதைத் தானே கேட்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

கோவிந்தராஜ் கேட்டுவிட்டார். அவர் பார்வை லேபிளுக்குப் போனது, என்னிடம் வந்தது, மறுபடி லேபிளுக்குப் போனது. ராமலிங்கத்துக்கு இருமல் வந்தது.

"பத்திரிகைக்காரங்க கூட இருந்த வாயி," என்றார் முதலாளி. "சரி. எழுநூத்தம்பது."

"எழுநூத்தம்பதுக்கு உங்கப்பா முன்னாடியே இருக்கட்டும் சார்."

ராமலிங்கத்தின் இருமல் சிரிப்பாகி வெளியே வந்துவிட்டது. கோவிந்தராஜ் அவரை முறைக்கப் பார்த்து, முடியாமல் தானும் சிரித்தார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார், யூக்கலிப்டஸாகவும் இருக்கலாம்.

"ராமலிங்கம், அம்மாவுக்கு ஐநூறு குடு. மீதி அச்சு வந்ததும்."

காலி நாற்காலி

பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். என் பழைய நாற்காலி மேசைக்குள் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் பழைய பேப்பர் கட்டு ஒன்று. நான் உள்ளே வருவதைப் பார்த்ததும் மேனேஜர் அந்தக் கட்டை எடுத்துக் கீழே வைத்தார்.

"வா வா. நாளைக்கே சேந்துடு."

"வரல சார். அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அம்பது ரூபா கூடப் போடச் சொல்றேன்."

வேலையில் இருந்தபோது இரண்டு முறை நான் கேட்டு இரண்டு முறையும் அவர் இல்லை என்று சொன்ன அதே ஐம்பது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். படி இறங்கும்போதுதான் கணக்குப் போட்டேன். கையில் இருந்தது ஒரே ஒரு லேபிள். ஒரு லேபிளை வைத்து எத்தனை மாதம் ஓட்ட முடியும்?

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் சேவியரும் அதைத்தான் கேட்டார். ஐநூறு ரூபாயை வாங்கிச் சாமி சுரூபத்தின் முன்னால் வைத்துவிட்டு, "அடுத்தது?" என்றார்.

"தெரியலங்க."

"சரி," என்றார். அப்புறம், "எழுநூத்தம்பதுக்கு அவங்கப்பா முன்னாடியே இருக்கட்டும்னா சொன்ன?" என்று கேட்டுவிட்டு, அன்று முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

லேபிள் அச்சாகி வந்தது. மீதிப் பணமும் வந்தது. வீராம்பட்டினத்துக் கடைக்காரம்மாவிடம் இப்போது ஆட்கள் முழங்காலைத் தட்டாமல், அலமாரியில் இருந்த முழங்காலையே விரல் நீட்டிக் காட்டிக் கேட்பதாகக் கேள்விப்பட்டேன். ஆனால் அடுத்த வேலை எதுவும் வரவில்லை. சேவியர் அரிசிக்காரரிடம் மறுபடி பேச வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை பத்து மணிவாக்கில் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கூடவே கற்பூர வாசனை. முகம் கடுகடுவென்று இருந்தது.

"சேதராப்பட்டு கோவிந்தராஜுகிட்ட ஆயிரம் ரூபா வாங்குன ஆர்ட்டிஸ்ட் நீங்கதானா?"

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து சேவியர் எழுந்து வருகிற சத்தம் கேட்டது.

"நான்தான்."

"ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரும்மா அந்த மனுஷன். பேங்குல பாத்தாலும் அதே பேச்சு, கல்யாணத்துல பாத்தாலும் அதே பேச்சு. 'ஆயிரம் ரூபா குடுத்து லேபிள் போட்டேன், ஆயிரம் ரூபா குடுத்து லேபிள் போட்டேன்'னு. என் கற்பூரம் அவர் தைலத்த விட ரெண்டு மடங்கு ஓடுது. நான் இன்னும் பிரஸ்காரன் சும்மா போட்டத ஒட்டிக்கிட்டு இருக்கேன்னு தெரிஞ்சா என்னைய எவன் மதிப்பான்?" மூச்சு வாங்கினார். "எனக்கு எவ்ளோ கேப்பீங்க?"

சேவியர் கதவோரம் வந்து நின்றிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

"மொதல்ல உங்க கற்பூரம் விக்கிற கடையில ஒரு நாள் உக்காந்து பாக்கணும். ஆயிரத்து ஐநூறு."

வந்தவர் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.